எந்தத் தண்ணீரில், எவ்வளவு மெதுவாக?

கோபர்கைரனே ரயில் நிலையத்தை ஒட்டிய கைப்பேசிக் கடைகளில் நாள்தோறும் நிகழும் ஒரு சிறு சடங்கு உண்டு. புதிய கைப்பேசியின் திரையை ஈரத்துணியால் துடைத்து, தூசியை ஒட்டுத்தாளால் ஒற்றியெடுத்து, மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள கண்ணாடித் தகடு ஒன்றைக் கடைக்காரர் அதன்மீது பதிக்கிறார். மராத்தியில் கேட்டாலும் இந்தியில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் அதன் பெயர் ‘டெம்பர்டு கிளாஸ்’தான். பெயர் பரவிவிட்டது, ஆனால் பொருந்தவில்லை. சூடேற்றிச் சடுதியில் குளிர்விப்பதால் வலுப்பெறும் பேருந்துக் கண்ணாடிக்கே அச்சொல் தகும். இவ்வளவு மெல்லிய தகட்டில் புறமும் அகமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் குளிர்ந்துவிடுவதால் அம்முறை பலிக்காது. இத்தகைய மெல்லிய தகட்டுக்கு வலுவூட்டும் முறை வேறு. ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்பில் தகடு சில மணி நேரம் மூழ்கிக் கிடக்கிறது. கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகள் உப்புக்குள் வெளியேறுகின்றன. அவை விட்டுச்சென்ற இடங்களில் பொட்டாசியம் அயனிகள் குடியேறுகின்றன. சோடியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 102 பைக்கோமீட்டர், பொட்டாசியத்தினுடையது 138. சிறியவர் இருந்த இருக்கையில் பெரியவர் அமர்ந்தால் நேரும் நெருக்கடியே இங்கு வலிமையாகிறது. மேற்பரப்பில் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்திற்கு நிலவும் அந்த அழுத்தத்தை வென்ற பின்னரே எந்தக் கீறலும் விரிய முடியும். இவ்வழியைச் சாமுவேல் கிஸ்ட்லர் விளக்கி எழுதிய ஆண்டு 1962.

‘அயனி’ என்னும் சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 1834இல் ஃபாரடேக்காக வில்லியம் ஹியூவெல் பரிந்துரைத்த கிரேக்கச் சொல் அது. ‘செல்வது’ என்று பொருள். தமிழில் ஒலிபெயர்த்தபோது அது உத்தராயணத்தில் வரும் ‘அயன’த்தை ஒத்துவிட்டது. பார்ப்பதற்குத் தற்செயல்; ஆனால் கிரேக்க வினையும் ‘அயனம்’ பிறந்த வடமொழி வினையடியும் ‘செல்’ என்னும் பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். நீண்ட பிரிவுக்குப் பின் உறவினர் இருவர் தமிழ் எழுத்தில் சந்தித்துக்கொண்டனர் எனலாம். பொருளை மறைக்கும் கலைச்சொற்கள் மலிந்த பாடநூல் தமிழில், செல்லும் ஒன்றைச் செல்வது என்றே சுட்டும் சொல் கிடைத்தது நற்பேறு.

ஆனால் அந்தச் செலவு எங்கெங்கு நிகழ்கிறது என்பதைப் பாடநூல் மிகக் குறுக்கிவிடுகிறது. அயனிப் பரிமாற்றம் என்றதும் மாணவருக்கு நினைவுக்கு வருவது கடின நீரை மென்னீராக்கும் பாடம். பிசின் நிரம்பிய ஓர் உருளை, கால்சியம் உள்ளே, சோடியம் வெளியே. அப்பாடத்தின் சோதனை நடைபெறும் கூம்புக் குடுவையே அதே வினையில் ஈடுபட்டிருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. ஆய்வகத்தில் கண்ணாடி என்பது வினையில் பங்கேற்காத சாட்சி. உலோகம் அரிக்கும், மரம் மக்கும், கண்ணாடி அப்படியே இருக்கும் என்பது வேதியியல் மாணவர் கேள்வியின்றி ஏற்கும் முதல் நம்பிக்கை.

இந்நம்பிக்கையை அசைத்தவர் லவாய்சியர். தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று அவர் காலத்தில் பலர் கருதினர். காய்ச்சிய கலத்தின் அடியில் வெண்மையான வண்டல் படிவதே சான்று. அவர் ஒரு கண்ணாடிக் கலத்தை நிறுத்து, நீரை நிறுத்து, வாயை அடைத்து, 101 நாள் விடாது காய்ச்சினார். இறுதியில் நீரின் எடை குறையவில்லை. கலத்தின் எடை குறைந்திருந்தது. மண் நீரிலிருந்து வரவில்லை, கலத்திலிருந்தே வந்தது. 1770இல் அவர் வெளியிட்ட அம்முடிவை நீர் மண்ணாவதில்லை என்பதற்கான நிரூபணமாகவே வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. கண்ணாடி தண்ணீரில் கரைகிறது என்னும் மற்றொரு பாதியை மறந்துவிட்டது.

கரையும் வழி இதுதான். நீரிலுள்ள ஹைட்ரோனியம் அயனிகள் மேற்பரப்புச் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. சோடியம் நீருக்குள் செல்கிறது. கைப்பேசித் தகட்டில் நிகழ்ந்த அதே பண்டமாற்று, எதிர்த்திசையில். அங்கு வந்தவர் பெரியவர். இங்கு வருபவரால் மேற்பரப்பு நீரேறித் தளர்கிறது. வினை அத்தோடு நிற்பதில்லை. ஹைட்ரோனியம் கண்ணாடிக்குள் செல்லச் செல்ல, சூழ்ந்த நீரின் காரத்தன்மை உயர்கிறது. பிஎச் 9ஐக் கடந்ததும் சிலிக்கனையும் ஆக்சிஜனையும் பிணைக்கும் வலையே வேகமாக அறுபடத் தொடங்குகிறது. நீர் தேங்கி நிற்கும்போது மற்றொன்றும் நிகழ்கிறது. கரைந்த சிலிக்கா நீரை நிறைத்துவிட, மேற்பரப்பில் கூழ் போன்ற நுண்துளைப் படலம் ஒன்று உருவாகி மேற்கொண்டு நடக்கும் பரிமாற்றத்தைத் தடுக்கிறது. ஆக, தேங்கிய நீர் ஒருபுறம் கண்ணாடியைத் தாக்கும் காரம்; மறுபுறம் அதைக் காக்கும் போர்வை. இவ்விரண்டில் எது வெல்லும் என்பதைக் கண்ணாடியின் இயைபு மட்டும் முடிவு செய்வதில்லை. நீரின் அளவும் ஓட்டமும் வெப்பமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆய்வகத்தில் பிஎச் அளக்கும் மின்வாய் வேலை செய்வதே அதன் கண்ணாடிக் குமிழின் நீரேறிய மேற்பரப்பில் நிகழும் இப்பரிமாற்றத்தால்தான். ஊசிமருந்துக் குப்பிகளின் உட்சுவர் செதில் செதிலாக உரிந்து மருந்தில் மிதப்பது பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் மருந்து உற்பத்தியாளரை எச்சரித்தது. அங்கும் குற்றவாளி மேற்பரப்பு வேதியியலே. கோபர்கைரனேயைத் தொட்டுச் செல்லும் தாணே-பேலாப்பூர் தொழிற்பட்டையில் வேதியியல் படித்துவிட்டு வேலை தேடும் தமிழ் இளைஞர் எவருக்கும் இது ஏட்டறிவு அன்று.

எனினும் இப்பொருளில் உண்மையான பணயம் இருக்குமிடம் வேறு. கோபர்கைரனேயின் மேற்கு விளிம்பு தாணே கழிமுகம். அதன் மறுகரையில், தென்மேற்கே, செம்பூரைத் தாண்டி டிராம்பே. பாபா அணு ஆராய்ச்சி மையம். அங்கு உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு கண்ணாடியாக்கப்படுகிறது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழருக்கு டிராம்பே என்பது நகரப் பேருந்தின் பலகையில் எழுதியிருக்கும் பெயர். அந்த மையத்திலேயே பணிபுரிந்து அணுசக்தி நகரில் ஓய்வுபெற்ற தமிழரும் பலர். ஆனால் அங்குள்ள கண்ணாடியைப் பற்றித் தமிழில் நடந்த விவாதம் மிகச் சொற்பம். நடந்ததும் தவறான கேள்வியைச் சுற்றியே நடந்தது.

முதலில் கண்ணாடியின் கதை. டிராம்பேயின் புளூட்டோனியப் பிரிப்பு ஆலை 1964இல் செயல்படத் தொடங்கியது. ஆராய்ச்சி அணு உலைகளின் எரிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரிக்கும் வேலையில், புளூட்டோனியத்தை ஒடுக்குவதற்கு ஃபெரஸ் சல்ஃபமேட் என்னும் உப்பு பயன்பட்டது. பிரிப்பு முடிந்ததும் எஞ்சிய கழிவில் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் மட்டுமல்ல, சல்ஃபேட்டும் தங்கிவிட்டது. அது கதிரியக்கம் உடையதன்று. ஆனால் கண்ணாடிக்குப் பகை. வழக்கமான சோடியம் போரோசிலிகேட் உருகலில் சல்ஃபேட் மிகச் சிறிதளவே கரையும். மிகுந்தது மஞ்சள் நிற உப்பாகப் பிரிந்து மேலே மிதக்கும். நீர் பட்டால் எளிதில் கரையும் அவ்வுப்பு, கழிவின் சீசியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதாவது, எதைப் பூட்டுவதற்குக் கண்ணாடி வந்ததோ அதுவே பூட்டுக்கு வெளியே நின்றுவிடும்.

வெப்பத்தைக் கூட்டி, சோடியத்தைக் குறைத்து, வலிய கண்ணாடி ஒன்றைச் செய்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் உருக்கும் கலம் உலோகத்தாலானது. ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பத்திற்கு மேல் அது தாங்காது. அவ்வெப்பத்தில் கண்ணாடி ஒழுக வேண்டுமானால் அதில் கணிசமான சோடியம் இருந்தே ஆக வேண்டும். ஆலையில் எளிதாக ஒழுகச் செய்யும் அதே சோடியம், நாளை நீர் பட்டால் முதலில் வெளியேறும் அயனி. இந்த இக்கட்டிற்கு டிராம்பே கண்ட விடை பேரியம். இரட்டை மின்சுமையுடைய பேரியத்தைச் சேர்த்ததும் உருகல் கூடுதல் சல்ஃபேட்டை ஏற்றுக்கொண்டது. பேரியம் சல்ஃபேட் நீரில் கரையாத உப்புகளில் ஒன்று என்பதும் துணைநின்றது. பேரியம் போரோசிலிகேட் பற்றிய மைய ஆய்வாளரின் கட்டுரை 2006இல் அணுக்கருப் பொருட்கள் பற்றிய பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. உள்ளூர்க் கழிவின் உள்ளூர்ச் சிக்கலுக்கு உள்ளூரிலேயே கண்ட தீர்வு அது. பிரெஞ்சு வாய்பாட்டையோ அமெரிக்க வாய்பாட்டையோ அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் மஞ்சள் உப்பே மிஞ்சியிருக்கும். தமிழ் வேதியியல் வகுப்புகளில் இது ஏன் பாடமாகவில்லை என்பது வியப்புக்குரியது.

கண்ணாடியில் பூட்டுவதன் பொருள் என்ன என்பதை விளக்க டிராம்பேயிலேயே மற்றொரு சான்றும் உண்டு. கழிவிலிருந்து பிரித்தெடுத்த சீசியம்-137ஐக் கண்ணாடியில் கலந்து பென்சில் வடிவில் வார்த்து, நோயாளிகளுக்கு ஏற்றும் இரத்தத்தைக் கதிர்ப்படுத்தும் கருவிகளுக்கு அம்மையம் வழங்கியது. உலகின் பிற இடங்களில் இதற்குச் சீசியம் குளோரைடு என்னும் உப்பே பெரிதும் பயன்பட்டது. அது தண்ணீரில் கரையும் தூள். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியொன்றைப் பிரித்தவர் கையில் கிடைத்தது அத்தூள்தான். இருளில் நீலமாக ஒளிர்ந்த அதை உறவினரும் அண்டை வீட்டாரும் தொட்டுப் பகிர்ந்துகொண்டனர். நான்கு பேர் இறந்தனர். அதே சீசியம் கண்ணாடிக்குள் இருந்திருந்தால் கதிர்வீச்சு இருந்திருக்கும். தூளாகப் பரவி உடலுக்குள் போயிருக்காது.

இனி, தவறான கேள்வி. கூடங்குளப் போராட்டம் உச்சத்தில் இருந்த 2011, 2012ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் அணுக்கழிவு பற்றித் தமிழில் எழுந்த பேச்சு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடியில் அடைத்துவிட்டால் கவலை இல்லை என்றது ஒன்று. கண்ணாடி உடையும், கரையும், எனவே அது ஏமாற்று என்றது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு வாக்கியங்களும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. கண்ணாடி ஒன்று காக்கும் அல்லது காக்காது என்று, அதை ஆம்-இல்லை வினாவாக்கிவிட்டன. முதலாவது தரப்புக்கு லவாய்சியரின் குடுவையைக் காட்ட வேண்டும். இரண்டாவது தரப்புக்கு ஒரு சிறு கணக்கைக் காட்ட வேண்டும்.

கணக்கு இதுதான். பிரான்சில் கழிவுக்கெனப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியை நூறு டிகிரி வெப்பத்தில், சிலிக்கா இன்னும் சேராத புதிய நீரில் வைத்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கிராமை ஒட்டிய அளவு கரைகிறது. கண்ணாடியின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம் என்று கொண்டால் இது நாளுக்கு 0.4 மைக்ரோமீட்டர், ஏழு ஆண்டில் ஒரு மில்லிமீட்டர். அச்சமூட்டும் வேகம். அதே கண்ணாடி, தேங்கிய நீரில், காக்கும் படலம் உருவான பின் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் கரைகிறது. அப்போது ஒரு மில்லிமீட்டர் கரைய எழுபதாயிரம் ஆண்டு ஆகும். சீசியம்-137இன் அரை ஆயுள் முப்பது ஆண்டு. பத்து அரை ஆயுள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்கு முந்நூறு ஆண்டு போதும். ஆக, முந்நூறு ஆண்டுக் காவல் தேவைப்படும் ஒரு பொருளுக்கு, ஏழு ஆண்டு, எழுபதாயிரம் ஆண்டு என்னும் இரு விடைகளும் ஒரே கண்ணாடியிலிருந்து வருகின்றன. இரண்டும் உண்மை. வேறுபாடு கண்ணாடியில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. (ஆக்டினைடுகளுக்கு முந்நூறு ஆண்டு எவ்வகையிலும் போதாது, அவற்றுக்கு இக்கணக்கை இன்னும் கடுமையாகப் போட வேண்டும்.)

எனவே ஓர் அறிக்கையில் கரைவு வீதம் என்று ஓர் எண் வந்தால், உடன் வர வேண்டிய வினா: எந்தச் சோதனையில்? சாக்ஸ்லெட் கருவியில் கண்ணாடித் துண்டின்மீது வாலை வடித்த புதிய நீர் ஓயாது சொட்டிக்கொண்டே இருக்கும். படலம் காக்க வாய்ப்பே தராத சோதனை அது. மற்றொரு வழக்கமான சோதனையில் கண்ணாடியைப் பொடித்து, 90 டிகிரியில், மூடிய கலத்தில் ஏழு நாள் வைப்பார்கள். அங்கு நீர் விரைவில் நிறைவுற்றுக் கரைவு தணிந்துவிடும். முதலாவதன் எண்ணை எடுத்து ஆபத்து என்று எழுதுவதும், இரண்டாவதன் எண்ணை எடுத்துப் பாதுகாப்பு என்று எழுதுவதும் ஒரே வகை நேர்மைக்குறைவே. ஏழு நாள் சோதனையிலிருந்து பல்லாயிரம் ஆண்டுக்குப் பாலம் கட்டுவது எளிதன்று என்பதை இத்துறையினர் அறிவர். அப்படலம் அயனிகள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதால் உருவாகிறதா, கண்ணாடி முழுதாகக் கரைந்து உடனடியாக மீண்டும் படிவதால் உருவாகிறதா என்பதே இன்னும் சச்சரவில் இருக்கிறது. 2015இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் வந்த நானோ அளவுச் சான்றுகள் இரண்டாவதன் பக்கம் நின்று, அயனிப் பரிமாற்றத்தை மையமாகக் கொண்ட பழைய விளக்கத்தை உலுக்கின. அறிவியல் இவ்வளவு உயிர்ப்புடன் வாதாடிக்கொண்டிருக்கும் ஒன்றை, இரு தரப்பு மேடைகளும் முடிந்துபோன செய்தியாக்கிவிட்டன.

உடைந்த கண்ணாடி என்ற வாதத்திற்கும் விடை உண்டு, அது எவருக்கும் முழு வெற்றி தராத விடை. உருகிய கண்ணாடி கலத்தில் குளிரும்போதே விரிசல் விடும். அதனால் நீர் தொடக்கூடிய பரப்பு பெருகும் என்பது சரி. பிரான்சின் எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலில், 1800 ஆண்டு கடல்நீரில் கிடந்த கண்ணாடிக் கட்டிகள் கிடைத்தன. குளிர்ந்தபோது விரிசல் விட்டவை என்பதால் அணுக்கழிவு ஆய்வாளர் அவற்றைத் தேடிச்சென்றனர். கடலை நோக்கித் திறந்திருந்த விரிசல்கள் ஆழமாக மாறியிருந்தன. உள்ளே நீர் புதுப்பிக்கப்படாத நுண்விரிசல்களில் மாற்றம் மிகக் குறைவு. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் இரண்டாயிரம் ஆண்டு ஈரமண்ணில் கிடந்த கண்ணாடி மணிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவற்றைத் தொன்மைக்கும் வணிகத்திற்கும் சான்றாகவே பேசுகிறோம். வெப்பமண்டல மண்ணில், மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் நிலத்தில், இன்ன இயைபுள்ள கண்ணாடி இத்தனை ஆழத்திற்கு மாறியிருக்கிறது என்று அந்த மணிகளின் விளிம்பு சொல்லக்கூடியது மத்தியதரைக் கடலின் கட்டிகளால் சொல்ல முடியாதது. தொல்லியல் துறையும் பொருளறிவியல் துறையும் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தும் ஒன்றின் மணியை மற்றொன்று பாராதிருப்பது வருந்தத்தக்கது. இதில் தொல்லியலுக்கும் நயம் உண்டு: மேற்பரப்பை மட்டும் எக்ஸ்-கதிரால் அளந்தால் சோடியம் இழந்த தோலின் இயைபே கிடைக்கும், அதை மணியின் பிறப்பு இயைபாகக் கொண்டு அது செய்யப்பட்ட ஊரைத் தீர்மானித்தால் முடிவு பிழைபடும்.

இந்தியாவில் கழிவுக் கண்ணாடி இப்போது எந்தத் தண்ணீரையும் தொடவில்லை. எஃகுக் கலங்களில் அடைக்கப்பட்டு, காற்றால் குளிரும் நிலவறைகளில் இடைக்காலச் சேமிப்பில் இருக்கிறது. தாராப்பூரின் சேமிப்பகம் அவ்வகையது. நிலத்தடி ஆழத்தில் நிரந்தரமாக வைக்கும் களஞ்சியம் இந்நாட்டில் இதுவரை கட்டப்படவில்லை. 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், கழிவின் வெப்பத்தைப் பாறை எவ்வாறு தாங்கும் என்று சூடேற்றிகளை வைத்துச் சோதித்தனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இறங்கி உழைத்த சுரங்கம் அது. நீர் ஊறாத சுரங்கம் அரிது. ஆழத்து நீரை ஓயாது இறைத்து வெளியேற்றுவதும் அவ்வுழைப்பின் ஒரு பகுதி என்பதைக் கோலார்க் குடும்பங்கள் நன்கறியும்.

ஆதலால் கல்பாக்கத்திலோ டிராம்பேயிலோ அடுத்த முறை ஒரு பொதுக் கருத்துக்கேட்பு நடக்கும்போது, அங்கு எழும் வேதியியல் மாணவர் கண்ணாடி பாதுகாப்பானதா என்று கேட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. இந்தக் கண்ணாடியில் எத்தனை விழுக்காடு சோடியம், எத்தனை விழுக்காடு பேரியம் என்று கேட்க வேண்டும். கரைவு வீதம் எந்த வெப்பத்தில், எத்தனை நாள் சோதனையில், ஓடும் நீரிலா தேங்கிய நீரிலா அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இறுதியாக இக்கலங்கள் எந்தப் பாறையில், எந்த நிலத்தடி நீருக்கு அருகில் வைக்கப்படும், அந்நீரின் பிஎச் என்ன என்று கேட்டு, விடையைத் தமிழில் எழுத்தில் பெற்றுவர வேண்டும்.